பின் சீட்டில் உட்காருபவரையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள்

மின்சார ஸ்கூட்டர் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகின்றன: ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்? அதற்குப் பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. இந்த இதழுக்கு வேறு கடிதங்களை எடுத்துவைத்தேன். கால் தரையில் எட்டுமா, இடுப்பு வலிக்குமா, பின்னால் உட்காரும் அம்மா பயப்படாமல் வருவாரா என்று கேட்டவை. மதுரையில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் என்பதால் என்னிடம் நேரில் வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

அக்கா, நான் அரசுப் பள்ளி ஆசிரியை. உயரம் ஐந்தடி. பள்ளிக்குப் போகவும், அம்மாவை பிசியோதெரபிக்கு அழைத்துப் போகவும் ஸ்கூட்டர் வேண்டும். அம்மா புடவை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். டிவிஎஸ் ஐக்யூப், ஏத்தர் ரிஸ்டா, பஜாஜ் சேத்தக் மூன்றையும் பார்த்துவிட்டேன். மூன்றும் பிடித்திருக்கின்றன. எதை வாங்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

முதலில் உங்கள் கால். ஐக்யூப்பின் சீட் உயரம் 770 மில்லிமீட்டர், ரிஸ்டாவுடையது 780. ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் தாளில் போட்டிருக்கும் உயரத்தைவிட, சீட்டின் முன்பகுதி எவ்வளவு அகலம் என்பதுதான் ஐந்தடி உயரக்காரர்களுக்கு முக்கியம். தொடை எவ்வளவு விரிகிறதோ, அந்த அளவுக்குக் கால் தரைக்கு எட்டாமல் போகும். ஒரே உயரமுள்ள இரண்டு வண்டிகளில் ஒன்றில் பாதம் நன்றாக ஊன்றும், இன்னொன்றில் கட்டைவிரல் மட்டும் தொடும். என் வகுப்பில் நான் வைத்திருக்கும் அளவு இது: தனியாகப் போகிறவர் என்றால் ஒரு கால் முழுதாக ஊன்றினால் போதும். பின்னால் ஆள் உட்காருவார் என்றால் இரண்டு கால்களின் முன்பாதமும் ஒரே நேரத்தில் தரையில் பதிய வேண்டும். குதிகால் தொட வேண்டிய அவசியம் இல்லை. பள்ளிக்குப் போடும் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு, புடவையோ சுடிதாரோ நீங்கள் வழக்கமாக உடுத்துவதை உடுத்திக்கொண்டு போய் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்தது எடை. ஐக்யூப்பும் ரிஸ்டாவும் 120 கிலோவை ஒட்டி இருக்கின்றன. பேட்டரி பெரிதாக ஆக எடையும் ஏறும். நாம் பழகிய பெட்ரோல் ஆக்டிவாவைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடுதல். ரிஸ்டாவைப் போல பேட்டரியைக் கால் வைக்கும் தளத்துக்கு அடியில் வைத்த வண்டியில், ஓடும்போது இந்த எடை தெரியவே தெரியாது. கீழே கனம் இருப்பதால் வண்டி நிதானமாகவே போகும். தெரிவது நிறுத்துமிடத்தில்தான். பள்ளி வாசலில் இரண்டு பைக்குகளுக்கு நடுவே இருந்து பின்னால் இழுக்கும்போது தோள் சொல்லும். ரிவர்ஸ் வசதி நீங்கள் வாங்கும் விலையிலேயே வருகிறதா, கூடுதல் பணம் கட்ட வேண்டுமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உயரத்துக்கு அது ஆடம்பரம் இல்லை.

இப்போது அம்மா. ஸ்கூட்டரில் பின்னால் உட்காருபவர் கிட்டத்தட்டப் பின் சக்கரத்தின் மேலேயே உட்காருகிறார். பள்ளத்தில் விழும் அடி ஓட்டுகிற உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் ஏறும். நீங்கள் பள்ளத்தைப் பார்த்துவிட்டு உடம்பைத் தயார் செய்துகொள்வீர்கள். அவர் இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார், அவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கால் போட்டவர் ஃபுட்ரெஸ்ட்டில் கால் ஊன்றி இடுப்பைச் சற்று லேசாக்கிக்கொள்ள முடியும். ஒரு பக்கமாக உட்காருபவரால் அது முடியாது, வருகிற அடி முழுக்க முதுகெலும்புக்குப் போகும். அதனால் அம்மாவுக்கு வேண்டியவை: தட்டையான, நீளமான சீட், இரண்டு பாதமும் வைக்கிற மாதிரி இடது பக்கம் ஒரு தகடு, இடது கைக்கு ஒரு பிடி. வலது கை உங்கள் தோளில் இருக்கும்.

சீட்டைப் பொறுத்தவரை மூன்றில் ரிஸ்டாதான் தாராளம். 2024 ஏப்ரலில் அது வந்தபோதே குடும்ப வண்டி என்று சொல்லித்தான் வந்தது, அந்தச் சொல்லுக்கு அதன் சீட் நியாயம் செய்கிறது. முதுகு சாய பேக்ரெஸ்ட்டும் உண்டு. ஆனால் ஒரு பக்கமாக உட்காருபவருக்கு அந்த பேக்ரெஸ்ட் முதுகுக்கு வராது, இடது கைப்பக்கம்தான் வரும். அம்மா பின்கம்பியைப் பிடிக்க அது தடையாக இருக்கிறதா, அல்லது அதையே பிடித்துக்கொள்வது வசதியாக இருக்கிறதா என்று அவரே சொல்லட்டும். ஐக்யூப்பின் பின்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பர்கள். ஆள் ஏறியதும் நன்றாக அமுங்கிக்கொடுக்கும், நகர வேகத்தில் மென்மையான வண்டி. சேத்தக் எனக்கு மிகவும் பிடித்த உருவம். தகட்டு உடம்பு, உருண்ட பக்கங்கள். 2024 டிசம்பரில் வந்த 35 வரிசையில் பேட்டரியைக் கால்தளத்துக்கு அடியில் கொண்டுபோய், சீட்டுக்குக் கீழே 35 லிட்டர் இடமும் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் ஐந்தடி உயரத்தில், அம்மாவை ஏற்றிக்கொண்டு சிக்னலில் நிற்கப்போகும் உங்களுக்கு நான் ஐக்யூப், ரிஸ்டா இரண்டுக்குள் முடிவு செய்யச் சொல்வேன். ரிஸ்டாவில் உங்கள் முன்பாதங்கள் பதிந்தால் அம்மாவுக்காக ரிஸ்டா. பதியவில்லை என்றால் யோசிக்காமல் ஐக்யூப்.

இன்னொன்று. ஷோரூமில் காட்சிக்கு நிற்கும் வண்டியில் சேலைக் காப்பும் கால்தகடும் பெரும்பாலும் இருக்காது. பின் சக்கரத்தின் பாதியையாவது மூடுகிற சேலைக் காப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. “அழகு கெட்டுவிடும், வேண்டாம் மேடம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாட்டிய பிறகுதான் டெலிவரி எடுக்க வேண்டும். டெஸ்ட் ரைடுக்கு அம்மாவையும் கூட்டிப் போங்கள். ஷோரூம் முன்னால் இருக்கும் நல்ல ரோட்டில் ஒரு சுற்று விடுவார்கள், அது போதாது. பக்கத்துத் தெருவில் ஒரு வேகத்தடை, ஒரு பேட்ச் ஒட்டிய ரோடு, ஒரு சட்டென்று நிறுத்தம். இவ்வளவையும் அம்மாவோடு செய்து பாருங்கள். இறங்கியதும் அவர் முகமே பதில் சொல்லிவிடும்.

சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வண்டி குலுக்கும், பெல்ட் வண்டிதான் சொகுசு என்கிறார் என் நண்பர். உண்மையா?
– வாசகர், ஈரோடு

நண்பர் சொல்வதில் இயற்பியல் சரி, முடிவு முழுக்கச் சரியில்லை.

ஐக்யூப்பில் மோட்டார் பின் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது, இதைத்தான் ஹப் மோட்டார் என்பார்கள். ஏத்தரில் மோட்டார் வண்டியின் உடம்போடு இருக்கும், ஒரு பல் பெல்ட் வழியாகச் சக்கரத்தைச் சுற்றும். ஓலா எஸ்1 ப்ரோவின் மூன்றாம் தலைமுறையில் பெல்ட்டை எடுத்துவிட்டுச் செயின் போட்டார்கள். சஸ்பென்ஷனின் வேலை என்ன? கல் வந்தால் சக்கரம் மட்டும் மேலே போய்க் கீழே வர வேண்டும், உடம்பு அசையக் கூடாது. சக்கரம் லேசாக இருந்தால் ஸ்பிரிங் அதை உடனே கட்டுப்படுத்திவிடும். சக்கரத்துக்குள் மோட்டாரின் கனமும் சேர்ந்தால், மேலே எகிறிய சக்கரத்தைத் திருப்பித் தரைக்குக் கொண்டுவர ஸ்பிரிங்குக்கும், அதன் ஆட்டத்தை அடக்கும் டேம்பருக்கும் கூடுதல் வேலை. கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு மேடுபள்ளத்தில் ஓடுகிறவரின் கால் போல அது தடதடக்கும்.

அந்தத் தடதடப்பு எங்கே தெரியும் என்பதைக் கவனியுங்கள். பெரிய வேகத்தடையில் தெரியாது. சிமென்ட் பேவர் பிளாக் பதித்த தெருவில், அடுத்தடுத்து பேட்ச் போட்ட ரோட்டில், மதுரையில் சிம்மக்கல் பக்கம் போகிற மாதிரி இடங்களில், சின்னச் சின்னதாக, விடாமல் தெரியும். உங்கள் தினசரிப் பாதை அப்படிப்பட்டது என்றால் நண்பர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

ஆனால் சஸ்பென்ஷனை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பது மோட்டார் இருக்கும் இடத்தைவிடப் பெரிய விஷயம். ஏத்தர் 450 வரிசையில் சக்கரம் லேசு, பெல்ட் வண்டி. இருந்தும் வளைவில் வேகமாகத் திருப்பி ஓட்டுவதற்காக இறுக்கமாக அமைத்த வண்டி அது. ஐக்யூப்பில் சக்கரம் கனம், ஆனால் மென்மையாக அமைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஓட்டிப் பார்த்த அம்மாக்கள் பெரும்பாலும் ஐக்யூப்பைத்தான் சொகுசு என்பார்கள். அதே ஏத்தர் நிறுவனம் ரிஸ்டாவில் பெல்ட்டையும் வைத்துக்கொண்டு மென்மையாகவும் அமைத்தபோது வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. பெல்ட்டா ஹப்பா என்று கேட்பதைவிட, யாருக்காக அமைத்த வண்டி என்று கேளுங்கள்.

பராமரிப்பில் ஹப் மோட்டாருக்குத்தான் வெற்றி. பெல்ட் இல்லை, செயின் இல்லை, எண்ணெய் இல்லை. பின் சக்கரத்தைக் கழற்ற நேர்ந்தால் மட்டும் மோட்டார் ஒயரும் சேர்ந்து வரும், அதைத் தெரிந்த கடையில்தான் கழற்ற வேண்டும். ட்யூப்லெஸ் டயர் என்பதால் சாதாரண பங்சருக்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

எனக்கு உயரம் ஆறடி. எந்த மின்சார ஸ்கூட்டரில் உட்கார்ந்தாலும் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அரை மணி ஓட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எனக்குப் பொருந்தும் வண்டியே இல்லையா?
– வாசகர், நாகர்கோவில்

இருக்கிறது தம்பி. நீங்கள் தேடும் இடம்தான் மாற வேண்டும். எல்லோரும் சீட் உயரத்தைப் பார்க்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது சீட்டுக்கும் கால்தளத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி.

பெட்ரோல் ஸ்கூட்டரில் கால்தளத்துக்கு அடியில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் தளம் தாழ்வாக இருக்கும். மின்சார வண்டியில் பலர் பேட்டரியை அங்கேதான் வைக்கிறார்கள். அது நல்ல இடம்தான், கனம் கீழே போகிறது, வண்டி வளைவில் நம்பிக்கையாகத் திரும்புகிறது. அதற்கு விலையாகத் தளம் உயர்ந்துவிடும். சீட்டை அதே அளவு உயர்த்தினால் குள்ளமானவர்களுக்குக் கால் எட்டாது, அதனால் உயர்த்துவதில்லை. நடுவில் சுருங்குவது உங்கள் முழங்கால்தான்.

முழங்கால் இடுப்பைவிட உயர்ந்துவிட்டால் தொடை சீட்டில் படியாது. உடம்பின் பாரம் முழுக்க வால் எலும்பில் இறங்கும். கீழ் முதுகு வளைந்துகொள்ளும். அந்த நிலையில் ஒரு பள்ளம் வந்தால் காலை ஊன்றி எழும்பக்கூட முடியாது. உங்கள் இடுப்பு பிடிப்பதற்குக் காரணம் ஷாக் அப்சார்பர் இல்லை, இதுதான்.

டெய்லரிடம் ஒரு டேப் வாங்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். வெட்கப்பட வேண்டாம், லட்ச ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம். ஒவ்வொரு வண்டியிலும் தளத்திலிருந்து சீட் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்கள் வசதியாக உட்காரும் நாற்காலியின் உயரத்தையும் எழுதிவையுங்கள். எந்த வண்டியின் அளவு அதற்குப் பக்கத்தில் வருகிறதோ அதுவே உங்களுக்கு. ஓலா எஸ்1 ப்ரோவின் சீட் 790 மில்லிமீட்டரைத் தாண்டியது, உயரமானவர்கள் சிலருக்கு அது ஒத்துப்போகிறது. நீளமான சீட் உள்ள வண்டியில் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தால் முழங்கால் கொஞ்சம் விரியும், அந்த வகையில் ரிஸ்டாவும் உதவும். பெங்களூரின் ரிவர் இண்டி கிடைத்தால் அவசியம் உட்கார்ந்து பாருங்கள். அதில் தளத்தைத் தாண்டி முன்பக்கம் காலை நீட்டி வைக்கத் தனியாக ஃபுட்பெக் கொடுத்திருக்கிறார்கள். நீண்ட கால்களுக்காக ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். முழங்காலில் இடித்தால் அந்த வண்டி வேண்டாம். யு-டர்ன் அடிக்கும்போது அது ஆபத்து.

புது வண்டி வாங்கி மூன்று வாரம். கல்லு மாதிரி இருக்கிறது. நான் 46 கிலோதான். டீலர் “போகப் போகச் சரியாகும்” என்கிறார். சரியாகுமா?
– வாசகி, தூத்துக்குடி

ஓரளவு ஆகும். சீட் நுரையும் ஷாக்கும் பழகப் பழகக் கொஞ்சம் இளகும். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே டயரில் காற்றைப் பாருங்கள்.

காற்று அதிகம் இருந்தால் டயர் லேசாக உருளும், ரேஞ்ச் இரண்டு கிலோமீட்டர் கூடும் என்று சிலர் அளவுக்கு மேல் அடித்துவிடுகிறார்கள். பெட்ரோல் பங்கில் எல்லா ஸ்கூட்டருக்கும் ஒரே அளவு அடிக்கும் பழக்கமும் இருக்கிறது. சின்ன டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடினாலே வண்டி கட்டையாகிவிடும். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்குத் தனியாக ஒன்று, இரண்டு பேர் போனால் வேறு ஒன்று என்று போட்டிருக்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரி.

அதன் பிறகும் கடினமாக இருந்தால், காரணம் உங்கள் எடை. பின் ஸ்பிரிங் ஒல்லியான ஒருவரையும் தாங்க வேண்டும், இரண்டு பெரியவர்களும் ஒரு மூட்டையும் ஏறினால் அதையும் தாங்க வேண்டும். அந்தப் பெரிய பாரத்துக்குப் பயந்துதான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 46 கிலோவுக்கு அது அமுங்கவே அமுங்காது. சில மாடல்களில் பின் ஷாக்கின் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் இருக்கும். சர்வீஸில் கேட்டு, இருந்தால், ஆக இளக்கமான படிக்கு மாற்றச் சொல்லுங்கள். பின்னால் ஆளை ஏற்றும் நாளில் பழைய படிக்கு வைக்க மறக்கக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. எஞ்சின் சத்தமும் அதிர்வும் இல்லாததால், ரோட்டின் ஒவ்வொரு சின்ன அடியும் பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு கடகடப்பும் தனியாகக் கேட்கிறது. பெட்ரோல் வண்டியிலும் அவை இருந்தன, எஞ்சின் சத்தத்தில் கரைந்துவிட்டன. முதல் மாதத்தில் இது பலரைத் தொந்தரவு செய்யும். முன்பக்கப் பேனல் கடகடத்தால் திருகை இறுக்கச் சொல்லுங்கள், அது சுலபம்.

நான் ஓட்டும்போது பின்னால் உட்காரும் மனைவிக்குத் தலை முன்னும் பின்னும் ஆடுகிறதாம். “பஸ்ஸே பரவாயில்லை” என்கிறாள். நான் வேகமாகப் போவதும் இல்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

வேகம் காரணமில்லை. ஆக்சிலேட்டரை நீங்கள் திறக்கும் விதமும், அதைவிட முக்கியமாக மூடும் விதமும்தான் காரணம்.

பெட்ரோல் ஸ்கூட்டரில் கிளட்சும் பெல்ட்டும் சேர்ந்து இழுவையைக் கொஞ்சம் தாமதித்துத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மின் மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை உண்டு. பழைய பழக்கத்தில் திருகினால் தலை பின்னால் போகும். கையை விட்டவுடன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தைப் பிடித்துப் பேட்டரிக்கு அனுப்பும். இதுதான் ரீஜென். அப்போது தலை முன்னால் வரும். நகரத்தில் நிமிடத்துக்கு நாலு முறை இது நடந்தால் யாருக்கும் குமட்டும். உங்கள் கைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும், மனைவியின் கழுத்துக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். மனைவி ஏறும்போது எக்கோ மோடில் வையுங்கள். உங்கள் வண்டியில் ரீஜென் அளவை மாற்ற முடியும் என்றால் ஆகக் குறைந்ததில் வையுங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடாதீர்கள், சிக்னல் தூரத்தில் தெரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வாருங்கள். என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி, காளவாசலிலிருந்து பைபாஸில் ஒரு நீளம் முழுக்க பிரேக்கைத் தொடாமல், கையை மட்டும் மெல்ல மூடித் திறந்து போவது. ஒரு வாரத்தில் கை பழகிவிடும். 2024-இல் வந்த ஏத்தர் 450 ஏபெக்ஸில் ஆக்சிலேட்டரை எதிர்ப்பக்கம் திருப்பினால் ரீஜென் பிடிக்கும் வசதி வந்தது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை ஓட்டுகிறவர் கையிலேயே கொடுப்பது நல்ல யோசனை.

காலையில் பேட்டரி நிறைந்திருக்கும்போது ரீஜென் குறைவாக இருக்கும், அனுப்பிவைக்க இடம் இல்லை. மாலையில் அதே வண்டி கையை விட்டதும் கூடுதலாகப் பிடிக்கும். உங்கள் கை அந்த வித்தியாசத்துக்கும் பழக வேண்டும்.

தோட்டத்திலிருந்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு மல்லிகைப் பூ கொண்டுபோகிறேன். காலடியில் ஒரு பெரிய பை, பின்னால் ஒரு பை. 40 லிட்டர் 50 லிட்டர் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதுதான் எனக்கு ஏற்றதா?
– வாசகர், நிலக்கோட்டை அருகே

உங்களுக்கு அந்த லிட்டர் கணக்கு உதவாது அண்ணே. சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி மூடிய பெட்டி. வெயிலில் நின்றால் உள்ளே பூ வெந்துவிடும். ரிஸ்டாவின் 56 லிட்டர் என்பதும் சீட்டுக்கு அடியில் 34, முன்பக்கம் தனியாக வாங்கி மாட்டும் பெட்டியில் 22 என்று சேர்த்த கணக்கு. மளிகைக்கும் ஹெல்மெட்டுக்கும் அருமையான இடம், பூவுக்கு இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது கால்தளம். நடுவில் மேடு இல்லாமல் தட்டையாக இருக்கிறதா, பை வைத்த பிறகு உங்கள் இரண்டு பாதத்துக்கும் இடம் மிஞ்சுகிறதா, பையின் காதை மாட்ட உறுதியான கொக்கி இருக்கிறதா. பாரத்தை எப்போதும் காலடியில் அதிகமாக, பின்னால் குறைவாக வையுங்கள். காலடி இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது, வண்டி ஒழுங்காக நிற்கும். பின்னால் கனம் ஏறினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். காலை இருட்டில் ஈர ரோட்டில் அது வேண்டாம்.

ரிவர் இண்டியில் சீட்டுக்கு அடியில் 43 லிட்டர், முன்பக்கம் 12 லிட்டர். அதைவிட உங்களுக்குப் பயன்படுவது, பக்கவாட்டில் பெட்டி மாட்டக் கம்பிகள் வண்டியோடே வருவது. அதில் காற்றோட்டமான கூடை கட்டலாம். ஆனால் சர்வீஸ் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். ஹோண்டா ஆக்டிவா இ-யில் மாற்றும் பேட்டரிகள் இரண்டும் சீட்டுக்கு அடியில் இருப்பதால் அங்கே சாமான் வைக்க இடமே கிடையாது. உங்களுக்கு அது சரிப்படாது. மார்க்கெட் போகும் வண்டிக்கு நான் ஐக்யூப்பின் தட்டையான தளத்தை முதலில் பார்ப்பேன். பையை எடுத்துக்கொண்டே ஷோரூமுக்குப் போங்கள், வைத்துப் பாருங்கள்.

மகளுக்குக் கல்லூரிக்கு வண்டி. அவள் ஏத்தர் 450எக்ஸ் தான் வேண்டும் என்கிறாள். எனக்கு ஐக்யூப் நல்லதாகத் தெரிகிறது. மாலையில் நானும் அதே வண்டியில் கடைக்குப் போவேன். யார் சொல்வது சரி?
– வாசகி, மதுரை அண்ணாநகர்

மகள் தினமும் தனியாக ஓட்டப்போகிறாள் என்றால் மகள் சொல்வது சரி. 450எக்ஸ் அழகுக்காக மட்டும் ஒல்லியாக இல்லை. ஒல்லியான உடம்பு, இறுக்கமான சஸ்பென்ஷன், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். நெரிசலில் நுழைந்து வர, சட்டென்று நிற்க, திரும்ப, இளவயது உடம்புக்கு அது மிகவும் பொருந்தும். ஐஐடி மெட்ராஸில் படித்த இரண்டு இளைஞர்கள் 2013-இல் தொடங்கிய நிறுவனம், முதல் வண்டியை 2018-இல் கொண்டுவந்தார்கள். அந்த முதல் வண்டியின் கோடுகள் இன்றைக்கும் பழசாகத் தெரியவில்லை. அது நல்ல டிசைனுக்கு அடையாளம் என்று நான் நினைக்கிறேன். இப்போது அதுவும் ஓசூரில்தான் தயாராகிறது, ஐக்யூப்பும் ஓசூரில்தான். ஊர்ப் பெருமையைக் காரணம் காட்டி உங்களில் யாரும் ஜெயிக்க முடியாது.

ஆனால் 450எக்ஸின் பின் சீட் சிறியது. நீங்கள் அவள் பின்னால் உட்கார்ந்து போவீர்களா? போவீர்கள் என்றால் ஒரு தடவை உட்கார்ந்து மாட்டுத்தாவணி வரை போய் வந்துவிட்டு முடிவு சொல்லுங்கள். கடைச் சாமானுக்கும் 450எக்ஸில் 22 லிட்டர், ஐக்யூப் எஸ்-இல் 32. இந்த இரண்டும் உங்களுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை என்றால் அவள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். பிடித்த வண்டியைப் பிள்ளைகள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள், டயரில் காற்று பார்க்கிறார்கள். என் வகுப்பில் நான் கண்டது இது.

சீட் மேல் ஜெல் கவர் போட்டால் சொகுசாகுமா?
– வாசகி, சேலம்

உட்காரும் இடம் மட்டும் கொஞ்சம் இதமாகும். ஆனால் சீட்டின் உயரமும் அகலமும் கூடும், கால் தரைக்கு எட்டுவது குறையும். வழுக்கும் கவராக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருப்பவர் உங்கள் மேல் வந்து இடிப்பார். நல்ல சீட் கடைக்காரரிடம் கொடுத்து நுரையையே மாற்றுவது மேல். அதைச் செய்வதற்கு முன் டயர் காற்று.

பெரிய சக்கரம் உள்ள வண்டி வேகத்தடையில் குலுக்காது என்கிறார்களே?
– வாசகர், விழுப்புரம்

குறைவாகக் குலுக்கும். பெரிய சக்கரம் பள்ளத்துக்குள் ஆழமாக விழாமல் அதன் விளிம்பிலிருந்து விளிம்புக்குப் போய்விடும். நாம் பேசிய வண்டிகளில் பெரும்பாலானவை 12 அங்குலச் சக்கரம். ரிவர் இண்டியில் இரண்டும் 14. டிவிஎஸ் 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த ஆர்பிட்டரில் முன் சக்கரம் மட்டும் 14, பின்னால் 12. முன் சக்கரம் பெரிதானதில் ஓட்டுகிறவரின் மணிக்கட்டுக்கு நல்ல பலன் இருக்கும். பின்னால் உட்காருபவருக்கு அதே 12 தான்.

வேகத்தடைக்கு வருவோம். இந்தியச் சாலைக் கழகத்தின் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படிப் போட்டால் 25 கிலோமீட்டர் வேகத்தில் எந்தச் சக்கரமும் அலுங்காமல் ஏறி இறங்கும். நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக ஒரு மேட்டைப் போட்டுவிடுகிறார்கள். 14 அங்குலச் சக்கரமும் அதில் தடால் என்றுதான் விழும். பேட்டரி அடியில் இருக்கும் வண்டியில் கால்தளமே உரசுகிற மேடுகள்கூட இருக்கின்றன. உங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தால் நகராட்சிக்கு அளவைக் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள், பக்கத்து வீட்டாரின் கையெழுத்தும் வாங்குங்கள். வண்டி வாங்குவதற்கு முன், இரண்டு பேர் உட்கார்ந்து அந்த மேட்டைக் கடந்து பார்க்க டீலர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள்.